டெலிபோனில் பேசிய சிறுவனுக்கு 6 ஆண்டுக் காவல்!

1964-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி, திங்கட்கிழமை.

அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாநிலம். அங்கே கிலா மாவட்டம். மாலை 6 மணிக்கு ஒரு தாய் வேலை முடிந்து வீடு திரும்பினாள். இளைய மகனைக் காணவில்லை.

அவன் பெயர் ஜெரால்டு கால்ட். வயது 15.

மூத்த மகனை அனுப்பித் தேடச் சொன்னாள். அவன் தம்பியின் நண்பன் வீட்டுக்குப் போனான். அங்கேதான் விஷயம் தெரிந்தது. இரண்டு பையன்களையும் போலீசார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்!

பிடித்தது காலை 10 மணிக்கு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போயிருந்த நேரம். "உங்கள் மகன் எங்களிடம் இருக்கிறான்" என்று ஒரு சீட்டுக்கூட வீட்டில் எழுதி வைக்கவில்லை. யாரும் சொல்லி அனுப்பவும் இல்லை.

பையன் செய்த குற்றம் என்ன?

அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஒரு பெண்ணுக்கு டெலிபோன் வந்தது. எடுத்தால், ஆபாசப் பேச்சு. ஜெரால்டும் அவன் நண்பனும்தான் பேசினார்கள் என்று அந்தப் பெண் புகார் செய்தாள்.

மறுநாள் விசாரணை. கோர்ட்டில் அல்ல, நீதிபதியின் தனி அறையில் நடந்தது. பையனுக்கு வக்கீல் கிடையாது. யாரும் சத்தியப் பிரமாணம் செய்யவில்லை. பேசியதை எழுதி வைக்க ஆள் இல்லை. புகார் செய்த பெண் அந்தப் பக்கமே வரவில்லை.

"நம்பரைச் சுழற்றியது மட்டும்தான் நான். டெலிபோனை நண்பனிடம் கொடுத்துவிட்டேன்" என்ற பொருளில் பையன் சொன்னதாகத் தாய் பிறகு தெரிவித்தாள். ஆபாசமாகப் பேசியதைப் பையன் ஓரளவு ஒப்புக்கொண்டதாக நீதிபதி தெரிவித்தார். எது உண்மை? எழுதி வைத்திருந்தால் அல்லவா தெரியும்!

ஜூன் 15-ந் தேதி மறுபடி விசாரணை. "புகார் செய்த பெண்ணை வரச்சொல்லுங்கள்" என்று தாய் கேட்டாள். அது தேவை இல்லை என்று நீதிபதி கூறிவிட்டார். தீர்ப்பும் அன்றே வந்தது.

பையனை சர்க்கார் தொழிற்பள்ளிக்கு அனுப்ப வேண்டும். 21 வயது ஆகும்வரை அவன் அங்கே இருக்க வேண்டும். இதுதான் தீர்ப்பு. பெயர்தான் பள்ளிக்கூடம். உள்ளே போனவன் நினைத்தால் வெளியே வர முடியாது.

இதே குற்றத்தை ஒரு பெரியவர் செய்திருந்தால் என்ன தண்டனை தெரியுமா? 5 டாலர் முதல் 50 டாலர் வரை அபராதம். அல்லது, மிஞ்சிப் போனால் 2 மாதம் ஜெயில்.

பெரியவனுக்கு 2 மாதம். சிறுவனுக்கு 6 ஆண்டு வரை! அப்பீல் செய்யவும் வழி இல்லை. சிறுவர் வழக்குகளுக்கு அப்பீல் கிடையாது என்று அரிசோனாவில் சட்டம்.

இப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை. குழந்தைகள்மேல் உயிரையே வைத்தவர்கள். அவர்கள் அன்பினால் கட்டிய கோர்ட்டுதான் இங்கே வந்து நின்றது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

7 வயது போதும்!

பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் சிறுவர் கோர்ட்டு என்று ஒன்று கிடையாது. 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் குற்றம் செய்யும் அறிவு இல்லை என்று விட்டுவிடுவார்கள். 7-க்கும் 14-க்கும் இடைப்பட்டவன் "இது தப்பு" என்று தெரிந்தே செய்தான் என்று காட்டிவிட்டால், அவனும் பெரியவனும் ஒன்று. 14 தாண்டினால் கேள்வியே இல்லை.

பெரிய திருடனும் சின்னத் திருடனும் ஒரே ஜெயிலில் இருந்தார்கள். ரொட்டி திருடிவிட்டு உள்ளே போன பையன், வெளியே வரும்போது பூட்டு உடைக்கப் படித்துக்கொண்டு வந்தான்.

கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். அங்கே டாஸ்மேனியாத் தீவில் பையன்களுக்கென்றே 1834-ம் ஆண்டு ஒரு ஜெயில் கட்டியிருந்தார்கள்.

1838-ல் இங்கிலாந்திலேயே பார்க்கர்ஸ்ட் என்ற இடத்தில் சிறுவர் ஜெயில் திறந்தார்கள். பெரியவர்களிடமிருந்து பையன்களைப் பிரித்தது நல்லதுதான். ஆனால், தொடக்கத்தில் அங்கே பையன்களின் காலில் விலங்கு மாட்டினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்றும் விதி.

"இது பிள்ளைகளைத் திருத்தும் வழி அல்ல" என்று வாதாடினார் மேரி கார்ப்பெண்டர் என்ற பெண்மணி. 1851-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1854-ல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. பள்ளிக்கு அனுப்பும் முன்பு பையன் 14 நாளாவது ஜெயிலில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள்! ஜெயிலைக் காட்டாமல் விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

மேரி கார்ப்பெண்டர் 1866-ல் இந்தியாவுக்கும் வந்தார். பெண்கள் படிப்பு, ஜெயில் சீர்திருத்தம் ஆகியவை பற்றிப் பேசினார். 10 ஆண்டு கழித்து, 1876-ல், இந்தியாவிலும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் பிறந்தது.

பாட்டி வீட்டுக்குப் போன பையன்

உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது சிகாகோ நகரம்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் அந்த நகரம் புற்றுப்போல வளர்ந்தது. இறைச்சித் தொழிற்சாலைகளும் இரும்பு ஆலைகளும் பெருகின. ஐரோப்பாவிலிருந்து ஏழை ஜனங்கள் வந்து குவிந்தார்கள். தாய் தகப்பன் ஆலையில் இருக்க, பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள்.

அங்கே ஏழைகள் நடுவில் "ஹல் மாளிகை" என்ற சேவை நிலையத்தை 1889-ல் தொடங்கினார் ஜேன் ஆடம்ஸ். (1931-ல் இவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.) அவரும், ஜூலியா லாத்ராப், லூசி பிளவர் என்ற பெண்மணிகளும் ஜெயில்களைப் போய்ப் பார்த்தார்கள். குடிகாரர்களுக்கும் கொள்ளைக்காரர்களுக்கும் நடுவில் சின்னஞ்சிறு பையன்கள்!

பல ஆண்டு போராடினார்கள். 1899-ல் இல்லினாய் மாநிலச் சட்டசபை சட்டம் செய்தது. அந்த ஆண்டு ஜூலை 3-ந் தேதி சிகாகோவில் சிறுவர் கோர்ட்டு திறந்தது.

முதல் வழக்கு, 11 வயதுப் பையன்மீது திருட்டுப் புகார். நீதிபதி டட்ஹில் அவனை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்!

புது கோர்ட்டின் தத்துவமே அதுதான். நீதிபதி, தகப்பன் மாதிரி. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவார். அவன் என்ன செய்தான் என்பதைவிட, ஏன் செய்தான், அவனுக்கு என்ன தேவை என்று பார்ப்பார். தகப்பனும் மகனும் பேசும் இடத்தில் வக்கீலுக்கு என்ன வேலை? ஆகவே, வக்கீல் வேண்டாம். ஜூரி வேண்டாம். சட்ட நுணுக்கம் எதுவும் வேண்டாம்.

பையனின் வீட்டுக்கே போய்க் கவனிக்க நன்னடத்தை அதிகாரிகளை நியமித்தார்கள். இதில் ஒரு கஷ்டம். அதிகாரி வேண்டும் என்று எழுதிய சட்டம், அவருக்குச் சம்பளம் எழுதவில்லை. சிகாகோப் பெண்கள் சங்கத்தார் பணம் வசூலித்துச் சம்பளம் கொடுத்தார்கள்.

யோசனை காட்டுத் தீ போலப் பரவியது. 1925-க்குள் அமெரிக்காவில் இரண்டு மாநிலங்கள் நீங்கலாக எல்லா இடத்திலும் சிறுவர் கோர்ட்டு வந்துவிட்டது.

பையன் ஏன் கெடுகிறான்?

கோர்ட்டு வந்ததும் கூடவே ஒரு கேள்வியும் வந்தது. பிள்ளைகள் குற்றம் செய்வது ஏன்?

ஜேன் ஆடம்ஸ் 1909-ல் ஒரு புத்தகம் எழுதினார். கோர்ட்டுக்கு வந்த புகார்களை எடுத்துப் பார்த்தார். ஓடுகிற ரெயிலின்மீது கல் வீசினான் ஒருவன். தண்டவாளத்து ஓரத்தில் தீ மூட்டினான் இன்னொருவன். இதில் எத்தனை குற்றம், எத்தனை விளையாட்டு? நகரம் பிள்ளைகளை வேலைக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறது. அவர்கள் விளையாட இடம் கொடுப்பதில்லை என்றார் அவர். ரத்தம் துடிக்கும் வயது. மைதானம் இல்லாவிட்டால் தெருவில்தான் ஆடும்.

அதற்குப் பிறகு வந்தார்கள் கிளிபோர்டு ஷா, ஹென்றி மக்கே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள். ஷா முன்பு நன்னடத்தை அதிகாரியாக இருந்தவர்.

இருவரும் சிகாகோ நகரப் படம் ஒன்றை எடுத்தார்கள். கோர்ட்டுக்கு வந்த ஒவ்வொரு பையனின் வீட்டையும் அதில் ஒரு புள்ளியாகக் குறித்தார்கள். ஒரு வருஷத்துக் கணக்கு அல்ல. 1900-ம் ஆண்டு முதல் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தின் கணக்கு.

படத்தில் என்ன தெரிந்தது?

நகரத்தின் நடுவில், ஆலைகளை ஒட்டிய பாழடைந்த பகுதிகளில் புள்ளிகள் ஈப் போல மொய்த்தன. வெளியே போகப் போகக் குறைந்தன.

அது பெரிய விஷயம் அல்ல. பெரிய விஷயம் இனிமேல்தான். அந்தப் பகுதிகளில் முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். அவர்கள் கொஞ்சம் வசதி வந்ததும் வெளியேறினார்கள். இத்தாலியரும் போலந்துக்காரரும் குடியேறினார்கள். பிறகு தெற்கிலிருந்து நீக்ரோ ஜனங்கள் என்று அந்நாளில் சொல்லப்பட்ட கருப்பு இனத்தவர் வந்தார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புள்ளிகள் மட்டும் அதே இடத்தில் நின்றன!

வெளியேறிய குடும்பத்துப் பிள்ளைகளோ, புது இடத்தில் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள்.

"அந்த ஜாதியே அப்படி, அந்த ஜனங்கள் ரத்தமே அப்படி" என்று பேசுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் வாயை அடைத்தது இந்தப் படம். குற்றம் ரத்தத்தில் இல்லை. அந்தத் தெருவில் இருந்தது. வறுமை, இடிந்த வீடு, நிலையில்லாத வாடகைக் குடித்தனம், யார் பிள்ளை எங்கே போகிறது என்று கவனிக்க ஆள் இல்லாத அக்கம்பக்கம் ஆகியவை அதில் இருந்தன.

இன்னொன்றும் கண்டார்கள். கோர்ட்டுக்கு வந்த பத்துப் பையன்களில் எட்டுப் பேர் தனியாகக் குற்றம் செய்யவில்லை. கூட்டாளியோடு செய்தார்கள். "சேர்க்கை சரியில்லை" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குக் கணக்கும் கிடைத்துவிட்டது.

அதே தெரு, ஆனால் வேறு பிள்ளை

தெருதான் காரணம் என்றால், அதே தெருவில் ஒழுங்காக வளரும் பிள்ளை எப்படி வருகிறான்? மூத்தவன் ஜெயிலுக்குப் போன வீட்டில் இளையவன் பரீட்சையில் முதலாவதாக வருவது உண்டே!

இதைத் தேடினார்கள் ஷெல்டன் குளூக், எலீனர் குளூக் என்ற தம்பதியர். பாஸ்டன் பகுதியில் சீர்திருத்தப் பள்ளிக்குப் போன 500 பையன்களை எடுத்துக்கொண்டார்கள். அதே மாதிரி ஏழைத் தெருக்களில், அதே வயதில், அதே அளவு புத்தியுள்ள, குற்றம் எதுவும் செய்யாத 500 பையன்களையும் எடுத்துக்கொண்டார்கள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1950-ல் முடிவை வெளியிட்டார்கள்.

பையனின் உடல் கட்டைப் பற்றியும் அவர்கள் ஏதேதோ எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. வீட்டைப் பற்றி எழுதியது நிலைத்தது.

கெட்டுப்போன பையன்களின் வீடுகளில் தகப்பன் ஒருநாள் காரணமில்லாமல் அடித்தான். மறுநாள் பெரிய தப்பையும் கண்டுகொள்ளாமல் விட்டான். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தாய்க்குத் தெரியவில்லை. பாசமும் ஒட்டுதலும் குறைவு. மற்ற வீடுகளும் ஏழை வீடுகள்தான். ஆனால் கண்டிப்பு ஒரு சீராக இருந்தது. பிள்ளை வர நேரமானால் தேடுவதற்கு ஒருவர் இருந்தார்.

இதைப் படிக்கும் தாய்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய் என்பதாலேயே பிள்ளை கெடுவான் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கூலிக்குப் போனாலும், "நான் வரும்வரை என் பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்று அத்தையிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லிவிட்டுப் போகிற தாயும் கவனிக்கிற தாய்தான்.

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு பின்கதை உண்டு. குளூக் தம்பதியரின் பழைய காகிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. 1980-களில் ஜான் லாப் என்ற ஆராய்ச்சியாளர் அவற்றைக் கண்டெடுத்தார். அவரும் ராபர்ட் சாம்சனும் அந்த 500 பையன்களைத் தேடிப் புறப்பட்டார்கள். பையன்களா? அதற்குள் 70 வயதை நெருங்கிய கிழவர்கள்!

சீர்திருத்தப் பள்ளியில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் நடு வயதுக்குள் குற்றத்தை விட்டுவிட்டார்கள். எது திருப்பியது என்று கேட்டால், நல்ல மனைவி வந்தாள், நிலையான வேலை கிடைத்தது, பட்டாளத்தில் சேர்ந்தேன், பழைய கூட்டாளிகளை விட்டு ஊர் மாறினேன் என்றார்கள். சின்ன வயதில் கெட்டவன் என்றென்றும் கெட்டவன் என்பது சரியல்ல என்று தெரிந்தது.

மூளையை ஆராயும் டாக்டர்கள் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. பின்விளைவை யோசித்து ஆசையை அடக்கும் பகுதி, மூளையின் முன்பக்கம் இருக்கிறது. அது முழுதாக முதிர 20 வயதுக்கு மேலும் சில ஆண்டு ஆகிறது.

வக்கீலும் வேண்டும்!

ஜெரால்டு கால்ட் என்ன ஆனான்?

அமீலியா லூயிஸ் என்ற பெண் வக்கீல் அவன் வழக்கை எடுத்தார். அப்பீல்தான் இல்லையே? "பையனைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள்" என்று ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். அரிசோனா கோர்ட்டுகள் தள்ளுபடி செய்தன. வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

1967-ம் ஆண்டு மே 15-ந் தேதி தீர்ப்பு. நீதிபதி ஏப் போர்ட்டஸ் எழுதினார். சிறுவன் என்பதற்காக நியாயத்தைக் குறைத்துக் கொடுக்க முடியாது என்றது கோர்ட்டு. என்ன குற்றம் என்று பையனுக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. வசதி இல்லையென்றால் கோர்ட்டே நியமிக்க வேண்டும். சாட்சியைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்யலாம். தனக்கு எதிராகத் தானே பேச வேண்டியது இல்லை.

நீதிபதி ஸ்டூவர்ட் மட்டும் மறுத்து எழுதினார். அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் நியூஜெர்சியில் 12 வயதில் கொலை செய்த ஒரு சிறுவனுக்கு கோர்ட்டு, ஜூரி எல்லாம் முறைப்படி கிடைத்தன. கடைசியில் அவனைத் தூக்கில் போட்டார்கள். முறையை மட்டும் கட்டிக்கொண்டு அந்தக் காலத்துக்குத் திரும்பிவிடக்கூடாது என்பது அவர் கவலை.

அவர் பயந்தது 1990-களில் கொஞ்சம் நடந்துவிட்டது. அமெரிக்காவில் "இரக்கமே இல்லாத புதுவகைச் சிறுவர் கூட்டம் வளர்கிறது; நாடே ரத்தக் காடாகும்" என்று 1995-ல் ஜான் டியூலியோ என்ற பேராசிரியர் எழுதினார். மாநிலங்கள் பதறின. சிறுவர்களைப் பெரியவர் கோர்ட்டுக்கு அனுப்பச் சட்டங்கள் செய்தன. நடந்தது என்ன? சிறுவர் குற்றம் குறைந்துவிட்டது! தன் ஜோசியம் பொய்த்தது என்று டியூலியோவே பின்னால் ஒப்புக்கொண்டார். பெரியவர் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள், அனுப்பப்படாதவர்களைவிட அதிகமாக மறுபடி குற்றம் செய்கிறார்கள் என்று 2007-ல் அங்குள்ள நிபுணர் குழு ஒன்று கண்டது.

சென்னை காட்டிய வழி

நம் நாட்டில் 1850-லேயே ஒரு சட்டம் உண்டு. 10 முதல் 18 வயது வரையுள்ள ஏழைப் பிள்ளைகளையும், சிறு குற்றம் செய்த பிள்ளைகளையும் ஜெயிலுக்குப் பதில் தொழில் பழக அனுப்பலாம் என்றது அது.

சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் செய்ததில் இந்தியாவிலேயே முதல் மாகாணம் சென்னைதான். ஆண்டு 1920. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன.

ஆனால், சட்டம் இருப்பது வேறு, நடப்பது வேறு. சுதந்திரம் வந்து பல ஆண்டு கழிந்தும், பல மாநிலங்களில் குழந்தைகள் ஜெயிலில் கிடந்தார்கள். ஷீலா பார்சே என்ற பெண் பத்திரிகையாளர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். குழந்தைகளை ஜெயிலில் வைக்கக்கூடாது என்று 1986-ல் கோர்ட்டு கண்டித்துச் சொன்னது. அந்த ஆண்டே நாடு முழுவதற்கும் ஒரே சிறுவர் நீதிச் சட்டம் வந்தது. அதில் ஆண் பிள்ளைக்கு 16 வயது, பெண் பிள்ளைக்கு 18 வயது வரம்பு. 2000-ல் வந்த சட்டம் இருவருக்கும் 18 ஆக்கியது.

2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. பிடிபட்ட ஆறு பேரில் ஒருவனுக்கு 18 வயது ஆகச் சில மாதங்களே இருந்தன. அவனுக்குச் சட்டப்படி 3 ஆண்டு சிறப்பு இல்லம். அதுதான் அதிகபட்சம். 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்தான். மகளைப் பறிகொடுத்த தாய் தகப்பன் தெருவில் நின்று நியாயம் கேட்டார்கள். அவர்கள் கண்ணீருக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த மாதமே பார்லிமெண்டு புதுச் சட்டம் செய்தது. 16 வயது நிறைந்து 18 ஆகாதவர், கொலை, கற்பழிப்பு போன்ற மிகக் கொடிய குற்றம் செய்தால், இளைஞர் நீதிக் குழுமம் முதலில் அவரைப் பரிசோதிக்கும். விளைவு தெரிந்து செய்தாரா, எந்தச் சூழ்நிலையில் செய்தார் என்று பார்க்கும். தேவை என்று தோன்றினால், பெரியவரைப் போல விசாரிக்கச் சிறுவர் கோர்ட்டுக்கு அனுப்பும். அப்போதும் தூக்கு கிடையாது. விடுதலைக்கே வழி இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

இந்தப் பிரிவு சரியா, தப்பா என்ற வாதம் முடியவில்லை. ஒரு மனிதன் எந்தத் தேதியில் பெரியவன் ஆகிறான் என்பதைச் சட்டம் ஏதோ ஒரு கோடு போட்டுத்தான் சொல்ல முடியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாள், இந்தப் பக்கம் ஒரு நாள் என்று நிற்கிறவர்கள் விஷயத்தில் எப்போதும் சிக்கல்தான்.

மற்ற பிள்ளைகளுக்கு வழி வேறு. ஊரில் ஒரு பையன் சைக்கிள் திருடினான் என்று பிடிபட்டால், அவனைப் போலீஸ் லாக்-அப்பிலும் வைக்கக்கூடாது, ஜெயிலிலும் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள். சேவகர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஜாமீனில் வீட்டுக்கு அனுப்புவதுதான் பொது விதி. அனுப்ப முடியாத பிள்ளையைக் கூர்நோக்கு இல்லத்தில் வைப்பார்கள். பையனின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக்கூடாது. பெரியவராக விசாரிக்கப்பட்டவர்கள் நீங்கலாக, மற்றப் பிள்ளைகளின் பழைய வழக்கு பிற்காலத்தில் வேலைக்குக் குறுக்கே வராது. குறித்த காலம் கழிந்ததும் அந்தக் காகிதங்களை அழித்துவிட வேண்டும்.

இன்னொன்றும் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளையைப் பிடித்ததும், அவனுடைய தாய் தகப்பனுக்குப் போலீசார் தாமதம் இல்லாமல் சொல்லி அனுப்ப வேண்டும்.